நெற்பயிரும் மண்ணீரும்: கதிர் முற்றும் காலம் பற்றிய ஒரு நோக்கு

தை மாதத்து வன்னி மானாவாரி வயல்களிலே சில வேளை ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். ஓலை செழித்திருக்கும், கதிரோ தலைசாயாது நிமிர்ந்து நிற்கும். கையில் உருவிப் பார்த்தால் பெரும்பகுதி பதர். மாரி மழையின் மொத்த அளவிற் குறைவில்லை. அவ்வாறாயின் குறை யாது?

குறை அளவிலன்று, காலத்திலேயே உள்ளது. நெற்பயிரின் நீர்த்தேவை எல்லாப் பருவங்களிலும் ஒரே தன்மையதன்று. மட்டம் வெடிக்கும் பருவத்தில் நிலம் சிறிது காய்ந்தாலும், பின்னர் நீர் கிடைப்பின் பயிர் ஓரளவு தேறிவிடும். குடலைப் பருவத்திலும் பூக்கும் நாட்களிலும் அவ்வாய்ப்பு இல்லை. அப்போது மண்ணீர் குன்றினால் மகரந்தம் மலடாகும். கதிர் முழுமையாக வெளிவராது. கருக்கட்டாத பூவைப் பிந்திவரும் மழை மணியாக்க மாட்டாது.

பூத்தபின் ஏறத்தாழ ஒரு மாத காலம் மணி முற்றுகிறது. மணியை நிரப்பும் மாப்பொருளின் பெரும்பகுதி இக்காலத்தில் கொடியிலையும் அதனையடுத்த இலைகளும் ஆற்றும் ஒளித்தொகுப்பினால் வருவது. ஏறத்தாழ நான்கிலொரு பங்கு தண்டிலே முன்னர் சேமிக்கப்பட்டது. மண் வறண்டால் இலைவாய்கள் மூடும், இலைகள் முந்திப் பழுக்கும், மணி மெலியும்.

இதனால் வயலில் எப்போதும் நீர் தேங்கி நிற்றல் வேண்டும் என்பது பொருளன்று. நீர்மட்டம் நிலத்தின் கீழ் 15 சதமமீற்றர் வரை இறங்கிய பின் மீண்டும் நீர் பாய்ச்சும் முறையைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கின்றது. விளைச்சல் குன்றாது நீரைச் சிக்கனப்படுத்தும் இம்முறையிலும், பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வயலில் நீர் நிறுத்துதல் வேண்டும் என்பது விதி.

இங்கு தாவரவியல் வினா சமூக வினாவாக மாறுகின்றது. சோழகக் காற்று மண்ணை உலர்த்தும் சிறுபோகத்தில் குளத்து நீர் வாய்க்காலின் தலைவயலை முதலில் அடைகிறது; கடைவயலை இறுதியிலேயே அடைகிறது. முறைநீர் ஒரு வாரம் பிந்துதல் தலைவயலுக்கு வெறும் தாமதம். பூத்து நிற்கும் கடைவயலுக்கோ போகத்தின் இழப்பு. விதைநெல்லும் பசளையும் கடனாகப் பெற்றவன் பதரைக்கொண்டு கடனிறுக்க இயலாது.

எனவே நீர்ப் பங்கீடு ஏக்கர்க் கணக்கோடு அமைந்துவிடலாகாது. பயிரின் நாட்கணக்கையும் தழுவுதல் வேண்டும். ஒரு வாய்க்காலின் கீழ் ஒரே வயதினப் பயிரை ஒருங்கே விதைத்து, பூக்கும் வாரத்தில் கடைவயலுக்கு முதலுரிமை வழங்குவதைப் பயிர்ச்செய்கைக் கூட்டங்கள் தீர்மானிக்கலாம். அதற்கு வேண்டுவது புதிய குளமன்று. உள்ள நீரை நீதியாகப் பகிரும் மனமேயாகும்.