துணை யந்திரமும் படுத்துவிட்டால்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கார்த் தொழிற்சாலைகள் இருக்கின்றன அல்லவா? எந்த வண்டிக்கு எந்தச் சாமான் எப்போது வேண்டும் என்று அங்கே கணக்கு வைப்பது கம்ப்யூட்டர்தான். அந்தக் கணக்குப்பிள்ளை படுத்துவிட்டால்? அதற்காகவே துணைக்கு இன்னொரு யந்திரம், முதலாவது எழுதுவதையெல்லாம் உடனுக்குடன் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்.

துணையும் கைவிடுவதுண்டு! 2023 ஆகஸ்ட் 29-ம் தேதி, ஜப்பானில் டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகளும் நின்றுபோயின. இரண்டு நாள் முன்பு நடந்த பராமரிப்பு வேலையில், கணக்கு யந்திரத்தில் இடம் போதாமல் போயிற்று. துணையும் அதே அமைப்பில் இருந்ததால் அதுவும் சேர்ந்து படுத்துவிட்டது. இடம் அதிகமுள்ள யந்திரத்துக்குக் கணக்கை மாற்றிய பிறகு, மறுநாள்தான் வேலை தொடங்கிற்று.

படுத்த துணையை எழுப்புவது எப்படி? சேமித்து வைத்த முழுப் பிரதியை முதலில் இறக்குவார்கள். அதற்குப் பிறகு நடந்த மாறுதல்களைத் தினசரிக் குறிப்பிலிருந்து வரிசையாக ஏற்றுவார்கள். குறிப்பில் ஓர் ஏடு காணாமற்போனாலும் வேலை அங்கேயே நின்றுவிடும். புதிதாக முழுப் பிரதி எடுக்க வேண்டியதுதான்.

சகோதரிகளே, குழந்தையின் படங்களை ஒரே போனில் இரண்டு இடத்தில் வைத்தால் போதாது. போன் தொலைந்தால் இரண்டும் போய்விடும். வேறிடத்தில் ஒரு பிரதி வையுங்கள். அவ்வப்போது திறந்தும் பாருங்கள்!