பேரிங் உடைந்தால் சம்பளத்தில் பிடிக்கலாமா?



'அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது' என்பார்கள் நம் பெரியவர்கள். இன்றைக்குத் தேருக்குப் பதிலாகப் பிக்கப் வண்டி நிற்கிறது. காலைப் பெரட்டு முடிந்ததும் உர மூட்டையை ஏற்றிக்கொண்டு சேற்றிலும் மேட்டிலும் உருள்கிறதே, அந்த வண்டிக்குச் சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்குதான் அச்சாணி. அது போனால் செலவு யாருடையது? இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறோம்.

சென்ற மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே பிக்கப் ஓட்டும் தம்பி சம்பளச் சீட்டை நீட்டினார். "அண்ணே, பேரிங் உடைஞ்சது என் கவனக்குறைவாம். பில்லு 760 வெள்ளி. மாசம் 190ன்னு நாலு மாசம் புடிக்கப் போறாங்க. முதல் மாசம் புடிச்சிட்டாங்க" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "புள்ளைக்குப் பள்ளிக்கூட பஸ் காசு கட்டணும்ணே" என்றார்.

கணக்குப் பாருங்கள். 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை என்றால், நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. அந்தக் கணக்கில் 760 வெள்ளி என்பது கிட்டத்தட்டப் பன்னிரண்டு நாள் உழைப்பு!

நேரே பட்டறைக்குப் போனேன். போமன் பில்லைப் பிரித்துக் காட்டினார். பேரிங் செட்டும் சீலும் 110 வெள்ளி. கூலி 150. பாக்கி 500 வெள்ளி, கெட்டுப்போன ஹப்புக்கும் சக்கரம் மாட்டும் தண்டுக்கும். முதல் சத்தத்திலேயே வந்திருந்தால் சாமானுக்கு 110, கூலிக்கு 70, ஆக 180 வெள்ளியில் முடிந்திருக்கும் என்றார். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலியால் வெட்டிய கதைதான்.

இது எப்படி நடக்கிறது? அந்தப் பழைய பிக்கப்பின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு பேரிங். கிரீஸில் ஊறித்தான் அவை உருளும். சீல் கிழிந்தால் சேற்றுத் தண்ணீர் புகுந்து, கிரீஸ் கெட்டு, துருப்பிடிக்கும். முதலில் 'ஊ' என்று முனகும். வேகம் கூடினால் சத்தமும் கூடும். அப்படியே ஓட்டினால் சூடேறி இறுகித் தண்டையே தின்றுவிடும். சக்கரமே கழன்றால் உயிருக்கும் ஆபத்து.

தம்பி சும்மா இருக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே தண்டலிடம் சொல்லியிருக்கிறார். "குலை ஏத்துற நேரம், அப்புறம் பாப்போம்" என்று பதில் வந்திருக்கிறது. நல்ல வேளையாக, வண்டிப் புத்தகத்தில் 'முன்சக்கரம் சத்தம்' என்று மூன்று முறை தேதியோடு எழுதி வைத்திருந்தார்.

அந்தப் புத்தகத்தோடு ஆபீசுக்குப் போனோம். "ஓட்டுறவன்தானே பாத்துக்கணும்?" என்றார் பெரிய கிராணி. "பார்த்தார், சொன்னார், எழுதியும் வைத்தார். வண்டி தோட்டத்துடையது" என்றேன். பிறகு சட்டத்தைச் சொன்னேன்.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, எதற்கெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. தவறிக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், முன்பணம், நாமே எழுதிக் கேட்டுக்கொண்ட சங்கச் சந்தா போன்றவை அதில் அடங்கும். தோட்டத்து வண்டியின் பழுதுச் செலவை முதலாளி தன் இஷ்டத்துக்குப் பிடிக்க அதில் இடமில்லை. மீறினால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். மறு வாரமே பிடிப்பை நிறுத்தினார்கள். பிடித்த 190 வெள்ளியும் திரும்பி வந்தது.

சொந்தமாகப் பழைய பிக்கப் வைத்திருக்கும் தோழர்களுக்கும் இரண்டு வார்த்தை. வலது பக்கம் வளைக்கும்போது முனகல் ஏறினால் முதலில் இடது சக்கரத்தைப் பாருங்கள். ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். மாற்றும்போது கிண்ணத்தோடு செட்டாக மாற்றுங்கள். சீலும் புதிது போடுங்கள். பின்சக்கரப் பேரிங்கைப் பல வண்டிகளில் பிரஸ் வைத்துத்தான் கழற்ற முடியும். அதனால் கூலி ஏறும், முன்கூட்டியே விலை பேசுங்கள். பழைய பேரிங்கைக் கையில் கேட்டு வாங்குங்கள். மாற்றினார்களா இல்லையா என்பதற்கு அதுவே சாட்சி.

தோட்டத்து வண்டியை ஓட்டுகிறவர்கள் வாயால் சொன்னதோடு விடாதீர்கள். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். தேதி போட்டு எழுதுங்கள், கையெழுத்தும் வாங்குங்கள். சம்பளச் சீட்டில் புரியாத பிடிப்பு இருந்தால் அன்றைக்கே சங்கத் தலைவரிடம் காட்டுங்கள். சக்கரம் முனகும்போதே நாமும் வாயைத் திறக்க வேண்டும், தோழர்களே!