காலியாக நிற்கும் ஒரு கட்டம்

'உங்கள் குடும்ப வரலாற்றை எழுதி வாருங்கள்' என்று கல்லூரியில் சொன்னால், மாணவர்கள் முதலில் போய் உட்காருவது பாட்டியின் பக்கத்தில்தான். செங்கம் பக்கத்து ஊர் ஒன்றில் அப்படி உட்கார்ந்த ஒரு மாணவியோடு நாமும் இருந்தோம். பெயர்கள் வரிசையாக வந்தன. "உங்க அம்மாவோட அப்பா பேரு என்ன ஆயா?" என்று கேட்டதும் பேச்சு நின்றது. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்ட ஆயா, "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்று எழுந்து போய்விட்டார். நோட்டில் ஒரு கட்டம் காலியாக நின்றது.

இப்படி ஒரு கட்டம் எல்லாச் சாதிக் குடும்பங்களிலும் உண்டு. தலித் குடும்பங்களில் அதற்குக் கூடுதல் காரணங்களும் உண்டு. பண்ணையில் வேலை செய்த பெண்ணின் மீது நிலக்காரர் காட்டிய அதிகாரம் ஒன்று. ஊர் கூடித் தாலி கட்டியும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத திருமணம் இன்னொன்று. கணவன் இறந்த பின் முறைப்படி அறுத்துக்கட்டி வாழ்ந்ததை, வெளியார் 'சேர்த்துக்கொண்டது' என்று பேசியது மற்றொன்று. மூன்றும் வெவ்வேறு. ஆனால் மூன்றிலும் பிறந்த பிள்ளைக்கு ஊர் வாய் வைத்த பெயர் ஒன்றுதான்: 'முறைகெட்டுப் பிறந்தது'.

அந்தப் பெயரை நாமும் அப்படியே எழுதிவைக்கலாமா? கூடாது என்பதற்கு வரலாறே சாட்சி.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை சேர்ந்தது. அது முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்களின் ஒடுக்கப்பட்ட மக்களும் அவர்களில் உண்டு. கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் எழுதப்பட்டன. அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளில் மன்னர்களையும் கொடையாளர்களையும் பார்க்கலாம். நம் கூலிக்காரப் பாட்டன் பாட்டிகளை இது போன்ற பட்டியல்களில்தான் தேட வேண்டும்.

அந்த நாட்டில் 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்பது அதன் பொருள். இந்தியத் தாய்மார் ஒரே நாளில் 'மனைவி' என்ற நிலையை இழந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் முறையற்றவர்கள் ஆனார்கள். இதை எதிர்த்தும், ஒப்பந்தம் முடிந்தவர்கள் மீது போட்ட 3 பவுண்டு வரியை எதிர்த்தும் நடந்த போராட்டத்தில் தமிழ்ப் பெண்கள் சிறை சென்றார்கள். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தார். அந்த ஆண்டே வந்த சட்டம் இந்தியர் திருமணங்களுக்கு ஏற்பளித்தது.

நம் மாநிலத்திலும் இப்படி நடந்தது. புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்று செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 1967-ல் அண்ணா அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம், அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. தாயும் அவளே, பிள்ளையும் அதே பிள்ளை. மாறியது சட்டம் மட்டும்தான். ஆகவே ஏட்டில் இருக்கும் அந்தச் சொல் அன்றைய சட்டத்தையும் எழுதியவரின் பார்வையையும் காட்டும். பிறந்தவரின் தகுதியைக் காட்டாது.

அப்படியானால் எப்படி எழுதுவது? நாம் கடைப்பிடிக்கும் வழி இது. தாயின் பெயரை முதலில், முழுதாக எழுத வேண்டும். தகப்பன் பெயர் தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். கௌரவத்துக்காக மாமன் பெயரையோ தாத்தா பெயரையோ போட்டு நிரப்பினால் அது பொய் வரலாறு. ஆவணத்தில் இழிவான சொல் இருந்தால், எந்த ஆண்டின் எந்த ஆவணம் என்று குறித்து, மேற்கோள் குறிக்குள் எழுதலாம். நம் சொல்லாக அதை எழுதக் கூடாது. வாய்வழியாகக் கேட்டதை, யார் சொன்னது என்று குறித்துத் தனியே வைக்க வேண்டும். உயிரோடு இருப்பவரைப் பற்றியது என்றால், அவர் சம்மதம் இல்லாமல் வகுப்பிலும் வாட்ஸ்அப்பிலும் காட்டக் கூடாது.

இதில் கடினமான கேள்வி ஒன்று உண்டு. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் பெயர் தெரிந்தும் நாம் மறைத்தால், அந்த மௌனம் அவரைத்தானே காப்பாற்றுகிறது? உண்மைதான். ஆனால் பாதிக்கப்பட்டவளைக் கேட்காமல் அந்தப் பெயரை வெளியே சொன்னால், ஊர் ஏசப்போவது அவளையும் அவள் பிள்ளைகளையும்தான். சொல்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. அவள் இல்லையென்றால், அவள் வயிற்றில் வந்தவர்களின் முடிவு.

சட்டம் இன்று கொஞ்சம் துணை நிற்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தாய்க்கு உறவு, தாயின் சொத்துக்கு வாரிசு என்பதை 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே ஏற்கிறது. மணமாகாத தாய் பிறப்புச் சான்றிதழ் கேட்டால், பிள்ளை தன்னுடையது என்று அவர் தரும் உறுதிமொழிப் பத்திரமே போதும், சான்றிதழ் தர வேண்டும் என்று 2015 ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தகப்பன் பெயர் கேட்டுத் திருப்பி அனுப்பினால் இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேளுங்கள்.

தேடப்போகும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: நம் மாவட்டம் உருவானது 1989-ல். கப்பல்கள் போன காலத்தில் ஆரணி, போளூர், வந்தவாசி வட ஆற்காட்டிலும், திருவண்ணாமலை தாலுகா தென் ஆற்காட்டிலும் இருந்தன. இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

அந்த மாணவி சில நாள் கழித்து மறுபடி ஆயாவிடம் போனார். இந்த முறை தகப்பனைப் பற்றிக் கேட்கவில்லை, "உங்க அம்மா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார். ஆயா பொழுது சாயும்வரை பேசினார். நடவுக்குப் போனது, கூலி நெல்லை மடியில் கட்டி வந்தது, ஒற்றை ஆளாய்ப் பிள்ளைகளை வளர்த்தது எல்லாம் வந்தன. நோட்டில் அந்தக் கட்டம் இன்றும் காலிதான். அதன் பக்கத்துக் கட்டத்தில் தாயின் கதை நான்கு பக்கம் இருக்கிறது.