ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ஆக்ஸில் ஸ்லைடர் மாட்டப்போறீங்களா? இதையெல்லாம் கவனிங்க!

தம்பி ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மழை பெய்த ஒரு காலை, எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங் சரிவில் ஏறித் திரும்பும்போது வண்டி வழுக்கி, வலது பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வேகம் என்று பார்த்தால் நடக்கிற வேகம்தான். தம்பிக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு. வண்டிக்கு பிரேக் லீவர் உடைந்தது, ஃபேரிங்கில் கோடு விழுந்தது, முன் ஃபோர்க்கின் அடிப்பகுதியில் உலோகம் தெரியும் அளவுக்குக் கீறல்.

வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் அந்தக் கீறலைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். "லீவர் போனா மாத்திக்கலாம் தம்பி. இந்த இடம் உடைஞ்சா செலவு தாங்காது. ஆக்ஸில் ஸ்லைடர் போட்டிருந்தா அதுதான் முதல்ல தரையைத் தொட்டிருக்கும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை நாங்களே பார்க்கிங்கில் வைத்து மாட்டினோம். அப்போது கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

ஆக்ஸில் ஸ்லைடர் என்றால் என்ன?

சக்கரத்தின் நடுவே ஓடும் தண்டுதான் ஆக்ஸில். பல ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் இது குழாய்போல உள்ளே ஓட்டையாக இருக்கும். அந்த ஓட்டை வழியாக ஒரு நீளமான கம்பியைச் செருகி, இரண்டு முனையிலும் கெட்டியான பிளாஸ்டிக் குமிழ்களை மாட்டி நட் போட்டால், அதுதான் ஆக்ஸில் ஸ்லைடர். முன் சக்கரத்துக்கு மாட்டுவது ஃபோர்க்கின் அடிப்பகுதியையும் பிரேக் கேலிப்பரையும் காக்கும். பின் சக்கரத்துக்கு மாட்டுவது ஸ்விங் ஆர்மைக் காக்கும்.

ரேஸ் டிராக்கில் பைக் வழுக்கி விழுந்தால், பல மீட்டர் தூரம் தரையில் தேய்ந்துகொண்டே போகும். அங்கே பழக்கமான இந்தப் பொருள் இன்று சாலை பைக்குகளுக்கும் வந்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. கேடிஎம் ஆர்சி 390, 2017 டிசம்பரில் அறிமுகமான ஓசூர் தயாரிப்பான டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, 2021-ல் வந்த யமஹா ஆர்15-ன் நான்காம் பதிப்பு என எல்லாவற்றிலும் தலைகீழ் ஃபோர்க்தான். பார்க்க கம்பீரமாக இருக்கும் இந்த ஃபோர்க்கின் அடிப்பகுதியில்தான் ஆக்ஸிலும் கேலிப்பரும் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே அடிபட்டால் பெயின்ட் அடித்து மறைக்கிற விஷயம் இல்லை.

ஏன் பிளாஸ்டிக்? இரும்பு கூடாதா?

கூடாது. ஸ்லைடர் என்ற பெயரிலேயே பதில் இருக்கிறது, அது வழுக்க வேண்டும். டெல்ரின் அல்லது நைலான் குமிழ் தாரில் தேய்ந்து தேய்ந்து வண்டியை வழுக்கிப் போகவிடும். ரப்பர்போல மென்மையாக இருந்தால் தரையைப் பிடித்துக்கொள்ளும், வண்டி புரண்டுவிடலாம். இரும்பாக இருந்தால் அடியை அப்படியே ஆக்ஸிலுக்குக் கடத்தும். 'கெட்டியா இருக்கு, சீப்பா இருக்கு' என்று உலோகக் குமிழை வாங்கிவிடாதீர்கள்.

மாட்டுவதற்கு முன்...

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் பேடாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்துவைத்துச் செய்யாதீர்கள். பிறகு ஆக்ஸிலின் ஒரு பக்கத்தில் மொபைல் டார்ச் அடித்து, மறுபக்கம் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நீங்களே மாட்டலாம். வெளிச்சம் வராவிட்டால், அந்த ஆக்ஸிலுக்கு இந்தக் கம்பி கிட் பொருந்தாது. ஆக்ஸில் நட்டையே கழற்றி மாட்டும் வகை என்றால், அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது உங்கள் பைக்கின் மாடலையும் வருடத்தையும் சொல்லி வாங்குங்கள். ஒரே பெயரில் வந்தாலும் வருடத்துக்கு வருடம் ஆக்ஸில் அளவு மாறலாம்.

மாட்டுவது எப்படி?

1. ஆக்ஸில் ஓட்டைக்குள் இருக்கும் மண்ணையும் பழைய கிரீஸையும் துணியால் துடைத்தெடுங்கள்.

2. கம்பியின் ஒரு முனையில் வாஷர், குமிழ் இரண்டையும் கிட்டில் சொன்ன வரிசைப்படி கோர்த்துக்கொள்ளுங்கள். துருப் பிடிக்காமலிருக்க, கம்பியின் நடுப்பகுதியில் மட்டும் லேசாக கிரீஸ் தடவலாம். மரையில் வேண்டாம்.

3. கம்பியைக் கையாலேயே தள்ளுங்கள். சிக்கினால் சுத்தியலால் தட்டாதீர்கள், அளவு தப்பு என்று அர்த்தம்.

4. மறுமுனையில் குமிழையும் வாஷரையும் போட்டு, நட்டை முதலில் கையாலேயே திருகுங்கள். பிறகு கிட்டில் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

நாங்கள் தப்பு செய்த இடம் இதுதான். தம்பி ஸ்பானரைப் பிடித்து முழு பலத்தில் இறுக்க, குமிழின் வாய்ப்பகுதி நசுங்கத் தொடங்கிவிட்டது. அதிகமாக இறுக்கினால் குமிழ் வெடிக்கும், கம்பியும் இழுபடும். குறைவாக இறுக்கினால் ஓடும்போது கழன்று விழும். நைலான் வளையம் உள்ள லாக் நட் என்றால், கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் புதியது போடுவது நல்லது.

5. ஆக்ஸில் நட், ஃபோர்க்கின் அடியில் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் போல்ட் இரண்டையும் தொடவே வேண்டாம். பின் சக்கரத்தில் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தினால் செயின் அட்ஜஸ்ட்மென்ட் கலைந்துவிடும்.

முடிந்ததும் சோதியுங்கள்

சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும். குமிழ் டிஸ்க், கேலிப்பர், ஏபிஎஸ் ஒயர் எதையும் தொடக்கூடாது. பிரேக்கை அழுத்திப் பாருங்கள். முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியபின் நட்டை மறுபடியும் சரிபாருங்கள். ஒருமுறை விழுந்துவிட்டால், குமிழ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கம்பி வளைந்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். தேய்ந்த குமிழ் தன் வேலையைச் செய்துவிட்டது, மாற்றிவிடுங்கள். வாரன்ட்டி பற்றி சர்வீஸ் சென்டரிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை இது காப்பாற்றாது?

இன்ஜின் கவரையும் ஃபேரிங்கையும் ஆக்ஸில் ஸ்லைடர் காக்காது. அதற்கு ஃப்ரேம் ஸ்லைடர் என்று தனியாக இருக்கிறது. வழுக்கும் வண்டி மண்ணிலோ சரளையிலோ இறங்கினால், குமிழ் குத்திக்கொண்டு வண்டி புரளவும் வாய்ப்புண்டு. வேகமாக எதிலாவது மோதினால் இது ஒன்றுமே செய்யாது.

வேலை முடிந்து கை கழுவும்போது அம்மா வந்து பார்த்தார். "ஏன்டா, இது வண்டியைக் காப்பாத்தும், சரி. அன்னிக்குக் கை தேய்ஞ்சுதே, அதுக்கு என்ன வாங்கின?" தம்பியிடம் பதில் இல்லை. ஸ்லைடர் வாங்கியவன் கிளவுஸ் வாங்கவில்லை!

விழும்போது தன்னையறியாமல் கையைத்தான் முதலில் ஊன்றுவோம். வண்டிக்குக் குமிழ் மாட்டும் முன், உங்களுக்கு வேண்டியதை வாங்குங்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் (2021 ஜூன் 1 முதல் அது இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது), உள்ளங்கையில் பாதுகாப்புத் தகடு வைத்த கிளவுஸ், கணுக்காலை மூடும் ஷூ, முடிந்தால் ரைடிங் ஜாக்கெட். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

அன்று மாலையே தம்பி கடைக்குப் போனான். அந்த கிளவுஸுக்குக் காசு கொடுத்தது நான்!