மின்னல் மழையில் சவுண்ட் சிஸ்டம் ஏன் போகிறது? சுவிட்ச்சை அணைத்தால் மட்டும் போதுமா?

உலகிலேயே மின்னல் அதிகம் அடிக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஜொகூர்வாசிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும் பருவமழை மாறும் நேரத்தில் காலையில் கொளுத்தும் வெயில், சாயங்காலம் இடியோடு மழை. தீபாவளிக்கு வாங்கிய புது ஸ்பீக்கர் செட் வீட்டுக்கு வருவதும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான்.

மழை விட்டதும் ஆன் செய்து பார்த்தால் ஆம்ப்ளிஃபையரில் லைட் எரியாது. அல்லது லைட் எரியும், எச்.டி.எம்.ஐ. வழியாக மட்டும் சத்தம் வராது. "சுவிட்ச்சைத்தான் அணைச்சிருந்தோமே, அப்புறம் எப்படிப் போச்சு?" என்று யோசிப்பீர்கள். பதில் இதோ.

சர்ஜ் என்றால் என்ன?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கொஞ்சம் ஏறி இறங்கலாம். 253 வோல்ட் வரை போனாலும் அது அனுமதிக்கப்பட்ட அளவுதான். சர்ஜ் என்பது வேறு. கண நேரத்தில் சில ஆயிரம் வோல்ட் வரை எகிறி, ஒரு நொடியின் லட்சத்தில் சில பங்குக்குள் அடங்கிவிடும்.

இதற்கு மின்னல் உங்கள் கூரையில் விழ வேண்டியதில்லை. பக்கத்துத் தாமானில் மின்கம்பத்தின் அருகே விழுந்தாலே போதும், வயர் வழியாக வந்துவிடும்.

ஆர்.சி.சி.பி. இருக்கே, அது பார்த்துக்காதா?

பார்த்துக்கொள்ளாது. மெயின் சுவிட்ச் பெட்டியில் உள்ள ஆர்.சி.சி.பி. மின்கசிவிலிருந்து உங்கள் உயிரைக் காப்பதற்கு. எம்.சி.பி. வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு. இரண்டும் மில்லி நொடிக் கணக்கில் வேலை செய்பவை. அவை டிரிப் ஆவதற்குள் சர்ஜ் வந்து போயிருக்கும்.

சுவரில் உள்ள சுவிட்ச்சும் அப்படித்தான். பெரும்பாலான வீடுகளில் அது லைவ் வயரை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரலும் எர்த்தும் இணைந்தே இருக்கும். பிளக்கைக் கழற்றினால்தான் அந்தத் தொடர்பு முழுசாக அறும்.

ஆடியோ செட்டுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

இதுதான் பலர் கவனிக்காத விஷயம். ரைஸ் குக்கருக்கு ஒரே ஒரு வயர். ஹோம் தியேட்டருக்கு? ஆம்ப்ளிஃபையர், டிவி, டீகோடர், சப்வூஃபர், ரூட்டர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கூரையிலுள்ள சேட்டலைட் டிஷ்ஷிலிருந்து ஒரு வயர் நேராக டீகோடருக்கு வருகிறது.

டிஷ் வயர் வழியாக நுழையும் சர்ஜ் பூமிக்குப் போக வழி தேடும். டீகோடரில் புகுந்து, எச்.டி.எம்.ஐ. வழியாக ஆம்ப்ளிஃபையருக்குத் தாவி, அதன் பவர் வயரில் இறங்கும். எச்.டி.எம்.ஐ. பகுதியில் இருக்கும் சிப்கள் 5 வோல்ட்டிலோ அதற்கும் குறைவிலோ வேலை செய்பவை. அவை எப்படித் தாங்கும்?

அதனால் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு டிஷ் வயரை விட்டுவிட்டால், பாதி வேலைதான் முடிந்தது. இன்டர்நெட் ஃபைபர் வயர் கண்ணாடி இழை என்பதால் அதில் மின்சாரம் பாயாது. ஆனால் மோடத்தின் அடாப்டரும், அதிலிருந்து டிவிக்குப் போகும் லேன் வயரும் செம்பு.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வழிக்குச் செலவே இல்லை. மெட்மலேசியாவின் மைசுவாச்சா செயலியில் இடிமழை எச்சரிக்கை வந்தாலோ, வெளியூர் கிளம்பினாலோ, பவர் பிளக், டிஷ் வயர், லேன் வயர் மூன்றையும் கழற்றிவிடுங்கள். மின்னல் தலைக்கு மேலே வந்துவிட்டால் எதையும் தொடாதீர்கள். ஆம்ப்ளிஃபையர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, மெயின் சுவிட்ச் பெட்டியில் எஸ்.பி.டி. எனப்படும் சர்ஜ் தடுப்பான். இதைப் பதிவுபெற்ற வயர்மேன்தான் பொருத்த வேண்டும். கூடுதல் மின் அழுத்தத்தை அது பூமிக்குத் திருப்பிவிடும் என்பதால், வீட்டின் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் அவரையே சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லை என்றால் எவ்வளவு விலையுயர்ந்த எஸ்.பி.டி.யாக இருந்தாலும் பெரிய பலன் இராது.

மூன்றாவது, செட் பக்கத்திலேயே சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன். வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

• எஸ்.டி.-சிரிம் முத்திரை இருக்க வேண்டும்.
• 230 வோல்ட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். இணையத்தில் விற்கும் 120 வோல்ட் அமெரிக்க மாடல்கள் இங்கே எரிந்துபோகும்.
• டிஷ் வயருக்கும் லேன் வயருக்கும் துளை இருந்தால் நல்லது. எல்லா வயரும் ஒரே பெட்டி வழியாகப் போக வேண்டும் என்பதே முக்கியம்.
• பாதுகாப்பு வேலை செய்வதைக் காட்டும் சின்ன விளக்கு இருக்க வேண்டும்.

அந்த விளக்கை அடிக்கடி பாருங்கள். உள்ளே சர்ஜைத் தாங்கும் வேரிஸ்டர் என்ற பாகம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அது செத்த பிறகும் எக்ஸ்டென்ஷனில் கரண்ட் வரும், பாட்டு கேட்கும். பாதுகாப்பு மட்டும் இருக்காது. விளக்கு அணைந்தால் மாற்றிவிடுங்கள்.

ஒரு விஷயம்: மின்னல் நேரடியாக வீட்டில் விழுந்தால் எந்த எக்ஸ்டென்ஷனும் தாங்காது. அப்போது கழற்றி வைத்த செட்டுக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

கரண்ட் போய் வரும்போது?

மின்னல் மட்டுமே காரணம் இல்லை. 2022 ஜூலை 27 அன்று ஜொகூரின் யோங் பெங்கில் உள்ள துணைமின்நிலையத்தில் கருவி பழுதானதால் தீபகற்பத்தின் பல இடங்களில் மின்சாரம் தடைபட்டது. இப்படிக் கரண்ட் போனால் உடனே செட்டின் பிளக்கைக் கழற்றுங்கள். திரும்பி வந்ததும் சில நிமிடம் பொறுத்து மாட்டுங்கள். திரும்பி வரும் அந்தத் தருணத்தில்தான் மின் அழுத்தம் தடுமாறும்.

சில லைட்டுகள் திடீரென்று அதிகப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால், அது நியூட்ரல் வயர் பழுதின் அறிகுறியாக இருக்கலாம். இதை சர்ஜ் புரொடெக்டரால் சமாளிக்க முடியாது. மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட்டு, தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழையுங்கள்.

வாரண்டி கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. மின்னல், மின் அழுத்தக் கோளாறால் வரும் சேதம் பொதுவாக வாரண்டியில் அடங்காது. வீட்டுத் தீ காப்புறுதியில் மின்னல் சேர்ந்து வரும். ஆனால் மின்சாதனப் பழுதுக்கு விலக்கு இருக்கலாம். உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் ஏஜென்டிடம் இப்போதே கேளுங்கள், செட் போன பிறகு அல்ல.

இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, வெளியிலிருந்து வரும் வயர்கள் எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். அடுத்த மழைக்கு எதைக் கழற்றுவது என்று இருட்டில் தேட வேண்டியிருக்காது.