சீட்டில் வந்த தலைப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் தென்மாவட்ட அரசு உயர்நிலைப் பள்ளி மாணவனுக்குப் பேச்சு என்றால் வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி இரண்டு பாடவேளை இலக்கிய மன்றத்துக்கு. பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்திவிட்டால் வகுப்பறையே மன்றம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, செம்பில் தண்ணீர். ஒலிபெருக்கி கிடையாது. தமிழய்யா மேசைக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார். கடைசி வரிசைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நிற்பார். அவர் காதுக்கு எட்டாத பேச்சு பேச்சில்லை. “கேக்கலப்பா” என்று அங்கிருந்து ஒரு குரல் வந்தால் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, சென்ற கூட்டத்தின் அறிக்கை, தலைமையுரை, பேச்சு, நன்றியுரை என்று எல்லாவற்றையும் மாணவர்களே செய்தார்கள். முறை வைத்தது வருகைப் பதிவேடு. அகர வரிசையில் பெயர் வரும்போது எழுந்தாக வேண்டும். நன்றாகப் பேசுகிறவன், திக்குகிறவன், வீட்டுப்பாடம் எழுதாமல் அடி வாங்குகிறவன் யாராக இருந்தாலும் விலக்கில்லை. அந்த ஏற்பாட்டின் உயிரே இதுதான் என்று இன்று திரும்பிப் பார்க்கும்போது உறுதியாகத் தோன்றுகிறது. வகுப்பில் நாற்பது பேர் என்றால் நாற்பது பேரும் ஆண்டுக்குச் சில முறையாவது நின்று பேசினார்கள்.

பேச்சில் இரண்டு வகை இருந்தது. ஒன்று தயாரித்துக்கொண்டு வருவது. மற்றது சாக்பீஸ் டப்பாவில் மடித்துப் போட்ட சீட்டிலிருந்து எடுப்பது. மழை, சந்தை, பேருந்துப் பயணம், பாட்டி, நேரம் என்று ஒற்றைச் சொல்தான் எழுதியிருக்கும். ஒரு நிமிடம் யோசிக்கலாம். மூன்று நிமிடம் பேச வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் அரை நிமிடத்திலேயே நின்றுபோவார்கள். எங்கள் தமிழய்யா அப்போது திட்டவும் மாட்டார், எடுத்துக்கொடுக்கவும் மாட்டார். கேள்வி கேட்பார். “மழை பெஞ்சா ஒங்க வீட்டுல மொதல்ல எங்கடா ஒழுகும்?” பையன் சொல்லத் தொடங்குவான். அடுப்படியில் ஒழுகும், பெரிய சட்டியை வைப்போம், அது நிரம்பினால் அம்மா எழுப்பிவிடுவாள், விறகு நனைந்தால் காலையில் சோறு கிடையாது. மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தது கூட அவனுக்குத் தெரியாது. திடீர்ப் பேச்சுக்கு வேண்டிய சரக்கு வெளியே எங்கும் இல்லை, தன்னிடமே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் கற்பித்து நான் பார்த்ததில்லை.

விவாதம் மாதம் ஒருமுறை. பேனா முனையா வாள் முனையா, நகர வாழ்வா கிராம வாழ்வா, கண்ணகியா மாதவியா, அறிவியல் ஆக்கத்துக்கா அழிவுக்கா. சன்னலோரத்து வரிசை ஒரு கட்சி, கதவோரத்து வரிசை எதிர்க்கட்சி. தனக்குப் பிடித்த கட்சியில் பேசக் கிடைப்பது அபூர்வம். மாதவியை மனதார நேசித்தவன் கண்ணகிக்காக வாதாட வேண்டியிருக்கும். அதனால் எதிராளியின் நியாயத்தை உள்ளே போய்ப் பார்க்கும் பழக்கம் வந்தது.

இந்தப் பேச்சுமுறை பள்ளிக்கூடத்தில் பிறந்ததில்லை. தமிழில் பொதுமேடைப் பேச்சுக்கு வயது நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஆறுமுக நாவலர் 1847இன் கடைசி நாளில் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். கிறித்தவப் பாதிரிமார் கையாண்ட பிரசங்க வடிவத்தையே எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். அரசியல் மேடையிலோ பெரும்பாலும் ஆங்கிலம்தான். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908இல் தூத்துக்குடியில் தொழிலாளர்களையும் கடைக்காரர்களையும் கூட்டி நிறுத்தித் தமிழில் பேசியபோதுதான் அந்த மேடை எல்லோருக்கும் உரியதாகத் தொடங்கியது. அமெரிக்க ஆய்வாளர் பெர்னார்ட் பேட் இந்த வரலாற்றை ஆராய்ந்தவர்.

பிறகு திராவிட இயக்கம் வந்தது. அண்ணாவின் அடுக்குமொழியைக் கேட்க ஊர் ஊராக நடந்து போனார்கள். கருணாநிதி பேச்சாளரானது திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோதே. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் மேடைகளை மாணவர்களே நிரப்பினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1967 தேர்தலில், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் விருதுநகரில் காமராசரையே தோற்கடித்தார். நன்றாகப் பேசினால் எங்கும் போகலாம் என்று ஒரு தலைமுறை நம்பியதற்குக் காரணம் கண்முன்னே இருந்தது.

இன்னொரு ஊற்று பட்டிமன்றம். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம், குன்றக்குடி அடிகளாரின் நடுமை, கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த வாதங்கள் எல்லாம் சேர்ந்து ஊர்ப்பிள்ளைகளுக்கு வாதத்தின் இலக்கணத்தைச் சொல்லிக்கொடுத்தன. “நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர்” என்று கையை நீட்டும் அசைவு வரை பையன்கள் அங்கிருந்துதான் எடுத்து வந்தார்கள்.

அன்று எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இருபாலர் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் வரவேற்புரை வாசிப்பார்கள், கடவுள் வாழ்த்துப் பாடுவார்கள், வாதம் பையன்களுக்கு. வீட்டுத் தமிழ் வாய்தவறி வந்துவிட்டால் வகுப்பு சிரிக்கும். சில தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பு சாதியின் பெயரால் விழுந்த அடியாகவும் இருந்தது. அவர்களில் பலர் செந்தமிழ் வராத காரணத்தாலேயே வாயை மூடிக்கொண்டார்கள். கெட்டிக்காரர்களோ எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற பொதுச் சரக்கு ஒன்றை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஒரு குறள், ஒரு காந்தி கதை, ஓர் அடுக்குமொழி முழக்கம். மழைக்கும் அதே, சந்தைக்கும் அதே. கைதட்டல் அவர்களுக்குத்தான் அதிகம் விழுந்தது. மழைக்குச் சட்டி வைத்த கதையைச் சொன்னவனுக்குப் பரிசு கிடைத்து நான் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையை யாரும் ஆணை போட்டு ஒழிக்கவில்லை. அது கால அட்டவணையில் அப்படியே இருந்தது. உள்ளே இருந்ததுதான் மாறியது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. 1984 முதல் தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகின. 1997இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தபோது ஒரு மதிப்பெண்ணின் பின்னங்கள் கூட ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும் என்றானது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை முதலில் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கினார், பிறகு அறிவியல் டீச்சர். சில பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தையே தள்ளிவிட்டுப் பன்னிரண்டை இரண்டு ஆண்டு நடத்தினார்கள். அதைத் தடுக்கவே 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது. பாடத்தையே தள்ளிய இடத்தில் இலக்கிய மன்றம் எப்படித் தப்பும்? பெற்றோரும் கேட்கவில்லை. பேச்சு சோறு போடாது என்ற முடிவுக்கு எல்லோரும் சேர்ந்தேதான் வந்தோம்.

அதே காலத்தில் பேச்சு தொலைக்காட்சிக்குக் குடிபெயர்ந்தது. தீபாவளி, பொங்கல் என்றால் சாலமன் பாப்பையா பட்டிமன்றம். 2006இல் விஜய் தொலைக்காட்சியில் ‘நீயா நானா’ வந்தபோது பேச்சின் மொழியே மாறியது. எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சாளர்கள் இல்லை. மாமியார்கள், மருமகள்கள், வேலை தேடும் இளைஞர்கள். வீட்டில் பேசும் தமிழிலேயே பேசினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை. இன்று ஒரு மாணவி மேடையில் “எங்க அம்மா சொல்லுவாங்க” என்று தொடங்கினால் யாரும் சிரிப்பதில்லை. அந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். அதோடு ஒரு குறையும் சேர்ந்தே வந்தது. தன் அனுபவத்தைச் சொல்வதே வாதம் என்றாகிவிட்டது. எனக்கு நடந்தது, ஆகவே அதுதான் உண்மை. எதிரே இருப்பவர் தனக்கு நடந்ததைச் சொல்வார். இரண்டு அனுபவங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றோடொன்று பேசாது.

அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், திரைப்பட மன்றம் என்று மன்றங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்திருக்கிறார்கள். அதே ஆண்டு கலைத்திருவிழாவும் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி. தமிழ் வளர்ச்சித் துறையும் தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்து 3,000, அதற்கடுத்து 2,000. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப் பரிசும் உண்டு. நடுவராக நான் போகிற மேடைகளில் இன்று பெண்பிள்ளைகளே அதிகம் வருகிறார்கள், அதிகம் வெல்கிறார்கள். வரவேற்புரையோடு நிறுத்தப்பட்ட அக்காக்களின் பிள்ளைகள் இவர்கள். குரலில் நடுக்கமில்லை. ஒலிவாங்கியை உயரத்துக்குச் சரிசெய்துகொண்டு தொடங்குகிறார்கள்.

ஆனால் போட்டி என்பது வகுப்பு ஆகாது. போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒருத்தி போகிறாள். நன்றாகப் பேசுவாள் என்று ஆறாம் வகுப்பிலேயே அடையாளம் கண்டு, பத்தாம் வகுப்பு வரை எல்லா மேடைக்கும் அவளையே அனுப்புகிறார்கள். மீதி முப்பத்தொன்பது பேர் கைதட்டப் பழகுகிறார்கள். அவளுக்கு உரையை ஆசிரியர் எழுதித் தருகிறார், அல்லது அப்பா யூடியூபிலிருந்து இறக்குகிறார். அண்மைக் காலமாகக் கைப்பேசியில் தலைப்பைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவு ஐந்து நிமிடத்துக்கு அளவெடுத்து எழுதித் தந்துவிடுகிறது. வெவ்வேறு ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே பத்தியை, ஒரே மேற்கோளோடு, ஒரே ஏற்ற இறக்கத்தில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேதனையாக இருக்கிறது. பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களிடம் கேட்டது அதுதான், அவர்கள் தந்ததும் அதுதான்.

நடுவர்களாகிய எங்கள் கையில் கொடுக்கப்படும் மதிப்பெண் தாளைப் பார்த்தாலே இது விளங்கும். கருத்து, மொழிநடை, உச்சரிப்பு, குரல்வளம், உடல்மொழி. எதிரணி சொன்னதைக் கேட்டாளா, அதற்கு விடை சொன்னாளா என்பதற்கு நான் பார்த்த தாள்களில் கட்டமே இல்லை. விவாதப் போட்டிக்கும் அதே தாளைத்தான் நகலெடுத்துக் கொடுக்கிறார்கள். இது அன்றிலிருந்து இன்றுவரை மாறாத குறை.

பெருநகரங்களின் தனியார் பள்ளிகளில் வேறோர் உலகம் நடக்கிறது. மாதிரி ஐ.நா. சபை, நாடாளுமன்ற முறை விவாதம் என்று ஆங்கிலத்தில் பழகுகிறார்கள். உலகப் பள்ளிகள் விவாதப் போட்டி 1988இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அணிக்கு மூன்று பேர் பேசுவார்கள், ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம், முடிவில் நான்கு நிமிடத் தொகுப்புரை. சில சுற்றுகளுக்குத் தலைப்பே ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தரப்படும். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரணி எழுந்து கேள்வி கேட்கலாம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் மட்டும் விலக்கு. மதிப்பெண் நூற்றுக்கு: கருத்துக்கு 40, நடைக்கு 40, உத்திக்கு 20. அந்த இருபதில்தான் எந்த வாதம் முக்கியம், எதற்கு விடை சொல்லியாக வேண்டும் என்ற தெளிவு அளக்கப்படுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை இப்படிப் பழகினால் அவள் சிந்தனை எவ்வளவு கூர்மையாகும் என்று பார்த்து வியந்திருக்கிறேன். அதே பிள்ளையிடம் தமிழில் ஒரு தலைப்பைக் கொடுத்தால் இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறுகிறாள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குத் தமிழ் ஆறாக ஓடுகிறது. குறுக்கே ஒரு கேள்வி வந்தால் திகைத்து நிற்கிறாள். இருவருக்கும் தேவையானது அடுத்தவளின் பள்ளியில் இருக்கிறது.

உரையை எழுதித்தர இயந்திரமே இருக்கிற காலத்தில் மாணவிக்கென்று மிஞ்சியிருப்பது இரண்டுதான்: சீட்டைப் பிரித்த அடுத்த நிமிடம், எதிராளி உட்கார்ந்த அடுத்த நிமிடம். அந்த இரண்டுக்கும் யாரும் எழுதித்தர முடியாது. ஆகவே பரிசும் மதிப்பெண்ணும் பயிற்சியும் அங்கேதான் போக வேண்டும் என்று சந்திக்கிற ஆசிரியர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த தமிழாசிரியை ஒருவர் ஒன்பதாம் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறார். மறுத்துப் பேச எழுகிறவர் முதலில் எதிராளி சொன்னதைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். “ஆமா, நான் சொன்னது அதுதான்” என்று எதிராளி ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. முதல் சில வாரங்கள் அந்த வகுப்பில் மறுப்பே நடக்கவில்லையாம். ஒருவர் சொன்னதை இன்னொருவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. இப்போது பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள், “இருங்க, நீங்க சொன்னது இதுதானா?” என்று கேட்கிறார்கள். திடீர்ப் பேச்சைத் தன் கைப்பேசியில் பதிவுசெய்து பேசியவருக்கே போட்டுக் காட்டுகிறார். எங்கள் தமிழய்யாவுக்குக் கிடைக்காத வசதி இது. தன் குரலைத் தானே கேட்கும் பிள்ளை, “இந்த எடத்துல நான் சும்மா இழுக்கறேன் டீச்சர்” என்று தானே சொல்லிவிடுகிறாளாம். முறை வைப்பது இங்கும் வருகைப் பதிவேடுதான்.

நேரம் எங்கே இருக்கிறது என்று மற்ற ஆசிரியர்கள் அவரிடம் கேட்பதுண்டு. நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு மூன்று நிமிடம், மொத்தம் 120 நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளையில் மூன்று. வகுப்பு முழுவதும் ஒரு சுற்றுப் பேசி முடிக்க அவ்வளவே போதும். இலக்கிய மன்றத்துக்கான நேரமோ மறுபடி கைக்கு வந்துவிட்டது. இனி அதைக் கணக்குக்குக் கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும்.