புது ரௌட்டரும் பழைய ஸ்டிக்கும்

அக்கா வீட்டில் போன மாதம் இணைய இணைப்பை மாற்றினார்கள். புது ரௌட்டர் வந்த அன்றே, டிவிக்குப் பின்னால் செருகியிருந்த பழைய ஸ்ட்ரீமிங் ஸ்டிக் நின்றுவிட்டது. வைஃபை பெயர் திரையில் தெரிகிறது. பாஸ்வேர்டு போட்டால் இணைய மறுக்கிறது. “ஏண்டா, என் போன்ல வருது, இதுல மட்டும் ஏன் வரமாட்டேங்குது? புதுசு வாங்கிடவா?” என்று கேட்டாள் அக்கா. பொறு என்றேன். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

ரௌட்டர் நொடிக்குச் சுமார் பத்து முறை தன் பெயரை அறிவித்துக்கொண்டே இருக்கும். எந்தெந்த வேகத்தில் பேச வரும், வாசலில் எந்தப் பூட்டு போட்டிருக்கிறது என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருக்கும். ஸ்டிக் அதைப் படித்து, தனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுமதி கேட்கும். இருவருக்கும் பொதுவாக எது இருக்கிறதோ, அதில் பேச்சு தொடங்கும்.

வேகத்தைப் பொறுத்தவரை பொதுவாக ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். வைஃபையின் அடிப்படையான 802.11 தரம் 1997இல் வந்தபோது வேகம் நொடிக்கு 2 மெகாபிட்தான். 1999இல் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான தரம் வந்து அது 54 ஆனது. பிறகு எத்தனையோ தலைமுறைகள் வந்துவிட்டன. ஆனாலும் இன்றைய வைஃபை 6 ரௌட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் முதல் 20 மைக்ரோநொடி 1999ஆம் ஆண்டின் மொழியில்தான் இருக்கிறது. ‘இவ்வளவு நேரம் பேசப்போகிறேன்’ என்பதுதான் அதில் உள்ள செய்தி. அடுத்து வருவது பழைய கருவிக்குப் புரியாது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது மட்டும் புரியும். குறுக்கே பேசாமல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முதியவருக்கு இப்படி ஒரு மரியாதையை வைத்த பொறியாளர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்படியென்றால் அக்கா வீட்டில் எங்கே தடை? பூட்டில். டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறை 2004இல் வந்தது. டபிள்யூபிஏ3 வந்தது 2018இல். புது ரௌட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தார்கள். ஸ்டிக்குக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் பயனில்லை. ரௌட்டரின் அடியில் ஒட்டியிருந்த முகவரியைப் போனில் தட்டி, செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, இரண்டு முறையும் சேர்ந்த ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’க்கு மாற்றினேன். ரௌட்டர் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. படம் ஓடியது.

வேறு வீடுகளில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கும். 2013இல் வந்த முதல் குரோம்காஸ்ட் ஸ்டிக்குக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதன் பட்டியலில் வரவே வராது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில பழைய கருவிகள் தடுமாறும். தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் தீர்ந்தது. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த ஸ்டிக் என்றால் ரௌட்டரின் சேனலை, அதாவது அலைவரிசைக்குள் அது பேசும் தடத்தை, பாருங்கள். 2.4இல் நம் நாட்டில் 13 சேனல்கள் உண்டு. அங்கே புழக்கத்தில் உள்ளவை 11தான். ரௌட்டர் தானாக 13க்குப் போய்விட்டால் அந்த ஸ்டிக்குக்கு வைஃபை இருப்பதே தெரியாமல் போகலாம். 5 கிகாஹெர்ட்ஸிலும் இதுபோல் உண்டு. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ரேடார் சத்தம் கேட்டால் ரௌட்டர் உடனே இடத்தைக் காலிசெய்ய வேண்டும். அந்தத் தொல்லைக்காகவே சில ஸ்டிக்குகளில் இந்தச் சேனல்களைச் சேர்ப்பதில்லை. ரௌட்டரை 36 அல்லது 149இல் நிறுத்திவைப்பது நல்லது.

இணைந்த பிறகும் படம் சுற்றிக்கொண்டே நின்றால், ஸ்டிக் இருக்கும் இடத்தைப் பாருங்கள். டிவியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே அது நசுங்கிக் கிடக்கும். டிவிக்குள் இருக்கும் உலோகத் தகடு அலையை மறைக்கும். பெட்டியோடு வரும் அந்தக் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் இதற்காகத்தான். பலர் அதைப் பிரிப்பதுகூட இல்லை.

வேகம் போதுமா என்ற கவலை பெரும்பாலும் வேண்டாம். ஃபுல் எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது நொடிக்கு 5 மெகாபிட். 4கே படத்துக்கே 15தான். பழைய 2.4 ஸ்டிக் நல்ல இடத்தில் இருந்தால் ஃபுல் எச்டியைத் தாராளமாகத் தாங்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பழைய கருவிக்காகப் பூட்டே இல்லாமல் வைஃபையைத் திறந்துவிடாதீர்கள். டபிள்யூபிஏ2கூடத் தெரியாத கருவி என்றால் அதற்கு ஓய்வு கொடுங்கள். மற்றபடி, கடைக்குக் கிளம்பும் முன் ரௌட்டரைத் தூக்கி அடியில் உள்ள முகவரியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.